உங்கள் கலையைப் பத்து வரியில் எழுதுவது எப்படி

கண்காட்சிக்கு விண்ணப்பம் போடும்போது படங்களை எல்லாம் ஒழுங்காக ஏற்றிவிட்டு, 'ஆர்ட்டிஸ்ட் ஸ்டேட்மென்ட்' என்று, தன் வேலையைப் பற்றித் தானே எழுத வேண்டிய ஒரு கட்டம் வந்ததும் போனைக் கீழே வைத்துவிடுகிற ஆட்களை எனக்கு நிறையத் தெரியும். பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, தென்காசி என்று நம் திருநெல்வேலிப் பக்கத்தில் வரைகிறவர்கள், நெய்கிறவர்கள், மண்ணில் செய்கிறவர்கள், போட்டோ எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேலை நன்றாக இருக்கும், ஆனால் அதைப் பற்றி எழுதியது அந்த வேலையோடு ஒட்டவே ஒட்டாது. கடைசி நாள் ராத்திரி யாரோ ஒருவரிடம் கேட்டு எழுதி வாங்கி ஒட்டிவிட்டு அனுப்புவார்கள். அப்படி அனுப்பியதில் சில என் கைக்குத் திருத்த வந்தன, அப்படியே ஏழெட்டு வருஷமாக இந்த வேலையைச் செய்துவருகிறேன். அதில் கற்றுக்கொண்டதை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் இது என்ன என்று தெளிவாகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். புலவர் வில்லில் அடிக்கிற வீசுகோலைக் கையில் எடுத்ததும் நேராகக் கதைக்குள் போய்விட மாட்டார். காப்பு பாடுவார், வருபொருள் உரைப்பார், குருவடி பாடுவார், அவையடக்கம் சொல்வார், நாட்டு வளம் பாடுவார், அதற்கு அப்புறம்தான் கதை, கடைசியில் வாழி. இந்த வரிசையில் வருபொருள் உரைத்தல் என்று ஒரு பகுதி இருக்கிறதே, இன்று எதைப் பாடப்போகிறேன் என்று உட்கார்ந்திருக்கிற சனத்துக்கு முதலிலேயே சொல்லிவிடுவது, ஸ்டேட்மென்ட் என்பது அந்த ஒரு பகுதி மட்டும்தான். நாம் என்ன செய்கிறோம் என்றால், கிடைத்த பத்து வரிக்குள் குருவடியையும் அவையடக்கத்தையும் நாட்டு வளத்தையும் சேர்த்துத் திணித்துவிடுகிறோம். வருபொருளுக்கு இடமே இல்லாமல் போய்விடுகிறது.

யாரிடம் படித்தேன், எங்கே பரிசு வாங்கினேன் என்பதெல்லாம் பயோடேட்டாவில் போக வேண்டியது. அதற்குத் தனியாக இடம் கொடுத்திருப்பார்கள். 'இது என் சிறு முயற்சி, குறை இருந்தால் பொறுத்துக்கொள்க' என்பது மேடையில் அழகு, இங்கே தேவையில்லை, வெட்டிவிடுங்கள். நாட்டு வளம்தான் நம் ஊர்க்காரர்களுக்கு விடவே மனசு வராது. தாமிரபரணி, பொதிகை, நெல்லையப்பர் கோயில் இசைத்தூண், ஆதிச்சநல்லூர் என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத்தான் தன் வேலைக்கு வருவார்கள். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் படிக்கிறவர் தேர்வுக்கு உட்கார்ந்திருக்கிறார், அவர் முன்னால் வரிசையாக விண்ணப்பங்கள் இருக்கின்றன, அவருக்கு உங்கள் கை என்ன செய்தது என்பது தெரிய வேண்டும். ஊர் அதற்குள் வந்தால் வரட்டும், உங்கள் கை தொட்ட இடத்தில் மட்டும் வரட்டும்.

இதை நான் அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் ஆறு கரை மீறி வந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருப்பது. வெள்ளம் வரப்போகிறதென்றால் உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துப்போய்விடுவார்கள், மூலவர் தண்ணீருக்குள்ளேயே இருப்பார். தண்ணீர் வடிந்த பிறகு படித்துறைப் பக்கம் போனால் கல்லெல்லாம் வண்டல். அதை வாளியில் அள்ளி வந்து, காயவைத்து, இடித்து, பழைய வேட்டித் துணியில் சலித்து, வேலம்பிசின் கரைத்து ஊற்றிக் குழைத்தேன். அந்த நிறத்தில்தான் அப்போதிருந்து படித்துறைகளை வரைகிறேன், கல்லில் தண்ணீர் எதுவரை ஏறியதோ அந்தக் கோடு ஒவ்வொரு படத்திலும் இருக்கும். இதை ஒரு கண்காட்சிக்கு அனுப்பியபோது இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். நீர் நினைவின் ஊடகம், காலம் ஒரு நதி, அப்படி இப்படி என்று. தேர்வாகவில்லை. அங்கிருந்து ஒருவர் வேறு ஒரு விஷயமாகப் போனில் பேசும்போது, 'நல்ல பிரவுன் இங்க் அது, எந்தக் கம்பெனி?' என்று கேட்டார். இரண்டு பக்கத்தில் 'வண்டல்' என்ற சொல்லே ஒரு தடவைகூட வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு ரொம்பத் தெரிந்த விஷயம் என்பதால் அதைச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

அதனால் எழுதுவதற்கு முன்னால் பேசுங்கள். இதைத்தான் நான் எல்லோரிடமும் முதலில் சொல்வேன். பேனாவைத் தொடாதீர்கள். போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, கலை பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம், சித்தியோ பக்கத்து வீட்டு மதினியோ பைக் சரிபார்க்கிற தம்பியோ யாராக இருந்தாலும் சரி, உங்கள் வேலையை ஒரு பத்து நிமிஷம் சொல்லுங்கள். படத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொல்லுங்கள். அவர் குறுக்கே கேள்வி கேட்க வேண்டும், கேட்காவிட்டால் கேட்கச் சொல்லுங்கள். 'இது எதுல செஞ்சது?', 'இத எதுக்கு இப்படி விட்டிருக்க?', 'எம்புட்டு நாளாச்சு?' இந்த மூன்று கேள்விக்கு நீங்கள் சொல்கிற பதிலில் ஸ்டேட்மென்டின் முக்கால்வாசி வந்துவிடும். நம் பேச்சில் யாரும் 'பிரபஞ்சத்தின் மௌனம்' என்று சொல்வதில்லை. எழுத உட்கார்ந்தால்தான் அது வருகிறது.

பேசிக் கேட்ட பிறகு இன்னும் கொஞ்சம் ஆழமாகத் தோண்ட வேண்டும். நான் கேட்கிற கேள்விகள் சில இருக்கின்றன, வரிசையெல்லாம் கிடையாது. எதை நீங்கள் திரும்பத் திரும்பச் செய்கிறீர்கள், உங்களுக்கே தெரியாமல் ஒவ்வொரு படத்திலும் வந்து உட்கார்ந்துவிடுகிற விஷயம் எது? எதை வேண்டாம் என்று வைத்தீர்கள்? இது முக்கியமான கேள்வி, ஏனென்றால் எல்லோரிடமும் கலர் இருக்கிறது, நீங்கள் மட்டும் கறுப்பை விட்டுவிட்டீர்கள் என்றால் அங்கே ஒரு காரணம் இருக்கும். ஒரு வேலை முடிந்துவிட்டது என்று உங்களுக்கு எப்போது தெரிகிறது? கை வலிக்கிற இடம் எது, பொறுமை போகிற இடம் எது? இந்தக் கடைசிக் கேள்விக்கு எல்லோரும் மனசுவிட்டுப் பதில் சொல்வார்கள். தேரி என்கிற செம்மணல் மேட்டில் போட்டோ எடுக்கிற ஒரு தம்பி, 'தேரியில மத்தியானம் நின்னா மணலு செவப்பா இல்ல, வெள்ளையாத் தெரியும் அண்ணாச்சி, அதனால விடியுறதுக்கு முன்னாலயே போயிருவேன், ஒரு இருபது நிமிஷம்தான் கெடைக்கும்' என்றான். அவன் எழுதி வைத்திருந்த ஸ்டேட்மென்டில் ஒளி பற்றி அரைப் பக்கம் இருந்தது, இந்த இருபது நிமிஷம் இல்லை. அதைத்தான் முதல் வரியாக வைத்தோம்.

தன் வேலையைப் பற்றிச் சொல்ல வரவே இல்லை என்கிறவர்கள் இன்னொருவர் வேலையில் பழகிக்கொள்ளலாம். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயில் பக்கம்தான், ஒரு காலைப் பொழுது போதும். குறவன் அரசகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுகிற சிலை முன்னால் நின்று, உடன் வந்திருக்கிற ஒரு சின்னப் பிள்ளைக்கு மூன்று வாக்கியத்தில் சொல்லிப்பாருங்கள். 'அற்புதமான சிற்பம்' என்று சொன்னால் பிள்ளை அடுத்த தூணுக்குப் போய்விடும். 'பாரம் தூக்கினா விலா எலும்பு எப்படித் தெரியும், அந்தா பாரு' என்று காட்டினால் நிற்கும். கல்லில் என்ன நடந்திருக்கிறது என்று விரலால் காட்டிச் சொல்கிற அதே பழக்கம்தான் உங்கள் வேலைக்கும் வேண்டும். குற்றாலம் சித்திர சபையில் இருக்கிற சுவர் ஓவியங்களுக்கும், திருப்புடைமருதூர் கோபுரத்துக்குள்ளே மாடி மாடியாக இருக்கிற ஓவியங்களுக்கும் இதையே செய்து பார்க்கலாம்.

இப்போது ஒரு ஸ்டேட்மென்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அந்தப் பிள்ளையின் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பத்தமடைப் பக்கம், வீட்டில் தலைமுறையாகப் பாய் நெய்கிறவர்கள். இவள் கல்லூரி முடித்துவிட்டு உம்மாவின் தறியிலேயே சுவரில் மாட்டுகிற சின்னச் சின்னப் பாய்களாக நெய்கிறாள். அவள் முதலில் எழுதிக்கொண்டு வந்தது இது:

'கோரை என்பது வெறும் புல் மட்டுமல்ல, அது ஒரு பண்பாட்டின் ஆன்மா. எலிசபெத் மகாராணியே வியந்த, புவிசார் குறியீடு பெற்ற, உலகப் புகழ் பத்தமடைப் பாயின் பாரம்பரியத்தில் பிறந்த நான், மரபுக்கும் நவீனத்துக்கும் இடையே ஒரு பாலமாக என் படைப்புகளை முன்வைக்கிறேன். பெண்மையின் மௌனங்களையும் வாழ்வின் இழைகளையும் தேடும் ஒரு முடிவில்லாப் பயணமே என் கலை.'

இதில் பொய் என்று எதுவும் இல்லை. ராணியின் முடிசூட்டு விழாவுக்கு 1953இல் பத்தமடைப் பாய் போனது ஊருக்கே தெரிந்த கதை. ஆனால் இந்த வரிகளைப் பத்தமடையில் கோரை தொடுகிற யார் வேண்டுமானாலும் தன் பெயரில் போட்டுக்கொள்ளலாம். இன்னும் சொல்லப்போனால், கோரை என்ற இடத்தில் பனையோலை என்று மாற்றினால் மணப்பாட்டுக்காரர் போட்டுக்கொள்ளலாம், களிமண் என்று மாற்றினால் காருகுறிச்சிக்குப் போய்விடும். நான் எல்லா ஸ்டேட்மென்டுக்கும் வைக்கிற சோதனை இதுதான்: பெயரையும் பொருளையும் மாற்றி வேறொருவர் கையில் கொடுத்துப் பாருங்கள், பொருந்தினால் அது உங்களுடையது ஆகவில்லை.

அப்புறம் அவளைப் பேசச் சொன்னேன். முதல் பதினைந்து நிமிஷம் அதே பாரம்பரியம்தான் வந்தது. ஒரு பாயை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, 'இந்த நடுவுல என்ன ஓட்டையா இருக்கு, கோரை விட்டுப்போச்சா?' என்று கேட்டேன். அவள் முகம் மாறிவிட்டது.

'விட்டுப்போகல அண்ணாச்சி, நான்தான் விட்டேன். கல்யாணப் பாயில பொண்ணு மாப்பிள்ளை பேரு நெய்வோம்லா, அந்த இடம் அது.'

'பேரு இல்லாம ஏன் விட்ட?'

'நெய்ஞ்சவ பேரு எந்தப் பாயிலயும் வராதுல்லா.'

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு, அந்த இரண்டு வரியையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் எளிதாக வந்தது. பட்டு மாதிரி மெல்லிசாக வருகிற பட்டுப் பாய்க்குக் கோரையை நயமாகக் கீறும்போது தடிப்பாக வருகிற துண்டுகளைக் கழித்துப் போடுவார்கள், அதைத்தான் எடுத்துக்கொள்கிறாள். சாயம் போடுவதில்லை. பகலில் தறி உம்மாவுக்கு, ராத்திரிதான் இவளுக்கு. இவ்வளவும் அவள் எழுதியதில் ஒரு சொல்லாகக்கூட இல்லை. இரண்டு நாள் கழித்து வந்த வடிவம்:

'நான் கோரையில் சுவர்ப் பாய்கள் நெய்கிறேன். பட்டுப் பாய்க்குக் கோரை கீறும்போது தடிப்பாக இருக்கிறதென்று கழித்துப் போடும் துண்டுகளையே எடுத்துக்கொள்கிறேன். சாயம் ஏற்றுவதில்லை, தண்ணீரில் ஊறிய நிறத்திலேயே விட்டுவிடுகிறேன். எங்கள் ஊர்க் கல்யாணப் பாயில் மணமக்களின் பெயரை நெய்வார்கள். நெய்தவர் பெயர் எந்தப் பாயிலும் இருக்காது. என் பாய்களில் பெயர் வர வேண்டிய இடத்தில் கோரையைக் கோக்காமல் பாவு நூலை மட்டும் விட்டுவிடுகிறேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்த இடத்தின் வழியே மறுபக்கம் தெரியும். என் உம்மா தறியை விட்டு எழுந்த பிறகு, அதே தறியில், இரவில் நெய்கிறேன்.'

எண்ணிப் பாருங்கள், அறுபது சொல்லைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பெண்மை, மௌனம், மரபு, நவீனம் என்று ஒரு சொல்லும் இல்லை, ஆனால் படிக்கிறவருக்கு அது எல்லாமே போய்ச் சேர்கிறது. இன்னொன்றும் பார்க்க வேண்டும்: இதில் சொல்லியிருக்கிற ஒவ்வொன்றையும் பாயில் கண்ணால் சரிபார்க்கலாம். தடித்த கோரை தெரிகிறது, சாயம் இல்லாதது தெரிகிறது, நடுவில் வெறும் பாவு தெரிகிறது. இரவில் நெய்வது மட்டும் தெரியாது, அதற்காகத்தான் அது கடைசி வரியில் இருக்கிறது.

இனி எழுதும்போது கவனிக்க வேண்டியவை. முதல் வாக்கியம் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதாக இருக்கட்டும். 'நான் வண்டலில் படித்துறைகளை வரைகிறேன்', 'நான் பஸ் ஸ்டாண்டில் தூங்குகிறவர்களைப் போட்டோ எடுக்கிறேன்', 'நான் கடம்ப மரத்தைக் கடைந்து அரக்கு ஏற்றிப் பொம்மைகள் செய்கிறேன்.' இப்படி மொட்டையாகத் தொடங்குவதற்குக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை, தொடங்குங்கள். நம் தமிழில் வினை கடைசியில்தான் வரும் என்பதால், வாக்கியத்தை நீட்டிக்கொண்டே போனால் என்ன செய்கிறீர்கள் என்பது நாலாவது வரியில்தான் தெரியவரும். அதனால் முதல் ஒன்றிரண்டு வாக்கியங்களைச் சின்னதாக வைத்துக்கொண்டு, பின்னால் வேண்டுமானால் நீட்டிக்கொள்ளலாம். 'நான்' என்றே எழுதுங்கள். 'இவரது படைப்புகள் பேசுகின்றன' என்று தன்னைத் தானே இவர் என்று எழுதுவது அழைப்பிதழில் வேறொருவர் செய்ய வேண்டிய வேலை.

அளவும் எண்ணும் கொடுங்கள், தேவையான இடத்தில் மட்டும். ஒரு முழம், ஏழு நாள், நாற்பது படம் என்று ஒன்றோ இரண்டோ போதும், அதற்கு மேல் போனால் ரசீது போல ஆகிவிடும்.

சில சொற்களை நான் கண்ட இடத்தில் அடித்துவிடுவேன்: ஆன்மா, பிரபஞ்சம், தேடல், பயணம், பரிமாணம், உரையாடல், பாலம், மௌனம், வெளி. இந்தச் சொற்கள் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது, நல்ல சொற்கள்தான். ஆனால் எல்லாப் படைப்பாளியும் எடுத்துப் புழங்கிப் புழங்கி இப்போது அவற்றில் பிடிமானம் இல்லை. 'தேடல்' என்று எழுதியிருந்தால் எதைத் தேடினீர்கள், எங்கே போய்த் தேடினீர்கள் என்று கேளுங்கள். பதில் இருந்தால் அந்தப் பதிலை எழுதிவிட்டுத் தேடலை எடுத்துவிடலாம். பதில் இல்லையென்றால் அந்த வாக்கியமே வேண்டாம். எதுகை மோனையும் அப்படித்தான், பட்டிமன்றத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

படிக்கிறவர் என்ன உணர வேண்டும் என்று நீங்களே எழுதாதீர்கள். 'என் ஓவியங்கள் பார்வையாளரைச் சிந்திக்க வைக்கும்' என்று நிறையப் பேர் முடிக்கிறார்கள். அது அவர் பாடு. நீங்கள் எதை வைத்தீர்கள் என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

மரபுக் கலையில் இருக்கிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு, இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். பானை வனைகிறவர், மகுடம் என்கிற பறையை அடித்துக் கணியான் கூத்து ஆடுகிறவர், வில்லிசைக்காரர், பாய் நெய்கிறவர், இவர்களிடம் உங்கள் வேலையில் உங்களுடையது எது என்று கேட்டால், 'எல்லாம் தாத்தா காலத்துல இருந்து வாறது, என்னுதுன்னு என்ன இருக்கு' என்பார்கள். அது பணிவு மட்டும் கிடையாது, அவர்கள் உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறார்கள். அவர்களை வற்புறுத்தி 'நான் மரபை மீறினேன்' என்று எழுதவைப்பது தப்பு. அதற்குப் பதிலாக, அதே வேலையில் அவர் செய்கிற தேர்வுகளைக் கேளுங்கள். எந்தக் குளத்து மண்ணை எடுப்பார், எதை எடுக்க மாட்டார், ஏன்? ஒரே கதையை இரண்டு ஊரில் பாடும்போது எதைக் கூட்டுவார், எதைக் குறைப்பார்? அப்பாவிடமிருந்து எந்த இடத்தில் கை மாறுகிறது? இதற்கெல்லாம் அவர்களிடம் துல்லியமான பதில் இருக்கும். 'இது எங்கள் குடும்பத்து வேலை, இன்னாரிடமிருந்து கற்றேன், இந்த ஒரு இடத்தில் நான் இப்படிச் செய்கிறேன்' என்று எழுதினாலே அது முழு ஸ்டேட்மென்ட். குருவடியை இங்கே ஒரு வரியில் சேர்க்கலாம், ஏனென்றால் கற்றுக்கொண்ட விதமும் அந்தக் கலையின் பொருள்தான். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறை இருக்கிறது. இந்தக் கலைகளின் பெயர்களையும் கருவிகளின் பெயர்களையும் சரியாக எழுத வேண்டுமென்றால் அங்கே படித்தவர்கள் யாராவது தெரிந்தவர் இருப்பார், ஒரு தடவை காட்டி வாங்கிக்கொள்வது நல்லது.

நீளம். கேட்கிற இடத்தைப் பொறுத்தது. பெரும்பாலும் ஆங்கிலக் கணக்கில் 100 முதல் 200 சொல் என்று கேட்பார்கள். தமிழில் வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் அதே விஷயத்துக்குச் சொல் எண்ணிக்கை குறையும். ஆங்கிலத்தில் 150 வருவது தமிழில் கிட்டத்தட்ட 100க்குள் நின்றுவிடும். ஆனால் ஆன்லைன் படிவத்தில் எழுத்து எண்ணிக்கை வைத்திருந்தால் கதை தலைகீழ். கணினி துணைக்காலையும் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணும். 'தாமிரபரணி' நமக்கு ஆறு எழுத்து, யுனிகோடு கணக்கில் ஒன்பது. ஆயிரம் எழுத்துக்குள் என்று சொல்லியிருந்தால் நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் நிரம்பிவிடும், கடைசி வாக்கியம் பாதியில் அறுந்து போய்விடும், அதை யாரும் உங்களுக்குச் சொல்லவும் மாட்டார்கள். அதனால் படிவத்தில் ஒட்டிய பிறகு கடைசிச் சொல் வரைக்கும் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று அளவில் வைத்துக்கொண்டால் எப்போதும் கைகொடுக்கும். ஒரு வரி, இன்ஸ்டாகிராமுக்கும் அழைப்பிதழுக்கும். அறுபது எழுபது சொல்லில் ஒன்று, சுவரில் ஒட்டுவதற்கு. நூற்றைம்பது சொல்லில் ஒன்று, விண்ணப்பத்துக்கு. நடுவில் இருப்பதை முதலில் எழுதுங்கள், அதிலிருந்து மற்ற இரண்டும் பிறக்கும். பெரியதை முதலில் எழுதிவிட்டுச் சுருக்கினால் எலும்பை வெட்டிவிட்டுச் சதையை வைத்துக்கொள்வோம், நான் பார்த்தவரை அப்படித்தான் ஆகிறது.

ஆங்கிலத்தில் கேட்டால்? லலித் கலா அகாடமியின் கண்காட்சியோ, 2012இலிருந்து நடக்கிற கொச்சி–முசிறிஸ் பினாலே மாதிரி பெரிய இடமோ, ஆங்கிலம் இல்லாமல் நடக்காது. அப்போதும் தமிழில் எழுதி முடித்துவிட்டு அதை மொழிபெயர்ப்பதுதான் நல்லது. நேராக ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் நமக்குத் தெரிந்த ஆங்கிலம் எதுவோ அதற்குள் நம் வேலை சுருங்கிவிடும். கோரை, படித்துறை, பாவு, தேரி, கொடை, இவற்றை அப்படியே விட்டுவிட்டு முதல் தடவை வரும்போது மட்டும் நாலு சொல்லில் விளக்கம் கொடுத்தால் போதும். மொழிபெயர்த்துக் கொடுப்பவர் 'டிரடிஷன்', 'ஜர்னி' என்று அழகுக்குச் சேர்ப்பார். மரியாதையாக எடுக்கச் சொல்லிவிடுங்கள்.

போனில் ஒரு கட்டளை போட்டால் ஸ்டேட்மென்ட் வந்து விழுகிற காலம் இது, பலர் அப்படித்தான் அனுப்புகிறார்கள். எழுத்துப்பிழை பார்க்கவோ மொழிபெயர்க்கவோ பயன்படுத்துங்கள், நானும் செய்கிறேன். ஆனால் அந்தப் பிள்ளை ஜன்னல் பக்கம் நின்றுகொண்டு சொன்ன அந்த வரி எந்தச் செயலிக்குள்ளும் இல்லை, அவளிடம்தான் இருந்தது. அது வெளியே வந்த பிறகு வேறு எந்த உதவியும் வாங்கலாம், அதற்கு முன்னால் வாங்கினால் அது வராமலே போய்விடும்.

எழுதியதை ஒரு வாரம் மூடி வையுங்கள். அப்புறம் சத்தமாகப் படியுங்கள், மூச்சு முட்டுகிற இடத்தில் வாக்கியத்தை உடையுங்கள், வாய் கூசுகிற இடத்தில் சொல்லை மாற்றுங்கள். மேலே தேதி போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வரிசைப் படங்களுக்கு இதே ஸ்டேட்மென்ட் செல்லாது, ஆனால் பழையதை அழிக்க வேண்டாம். என்னிடம் வெள்ளத்துக்கு முந்தைய ஸ்டேட்மென்ட் ஒன்று இருக்கிறது, அப்போது ஆற்றை நான் எப்படிப் பார்த்தேன் என்பது இப்போதைய எனக்கு அதைப் படித்தால்தான் தெரிகிறது.

கடைசியாக, அனுப்புவதற்கு முன்னால் அந்த வேலை தெரிந்த ஒருவருக்குப் படித்துக்காட்டுங்கள். முதலில் வேலை தெரியாதவரிடம் பேசினோம், இப்போது தெரிந்தவரிடம். ஓவியராக இருந்தால் இன்னொரு ஓவியர், குயவராக இருந்தால் இன்னொரு குயவர். கருத்துச் சொல்லச் சொல்லி அவரைக் கஷ்டப்படுத்த வேண்டாம், தப்பு இருந்தால் மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

பத்தமடைப் பிள்ளை உம்மாவுக்குப் படித்துக்காட்டினாள், நானும் இருந்தேன். அந்த அம்மா தறியில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெயர் வருகிற வரி வந்தபோது கை ஒரு கணம் நின்றது, மறுபடி கோரையைக் கோத்தார்கள், அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. படித்து முடித்ததும் கேட்டார்கள், 'தண்ணீல ஊறுனதுன்னு மட்டும் போட்டுருக்கியே, தொட்டித் தண்ணின்னுல்லா நினைப்பாக. தொட்டியில போட்டா கோரை அழுகிப் போவும். ஓடுத தண்ணியில கெடந்தாத்தான் இந்த நெறம் வரும்.'

அவள் பேனாவை எடுத்து அந்த வரியை மாற்றினாள்: சாயம் ஏற்றுவதில்லை, ஓடும் ஆற்றில் ஊறிய நிறத்திலேயே விட்டுவிடுகிறேன்.